பக்கத்து நாற்காலி

"எத்தனை மார்க் வந்தா கையெழுத்துப் போடலாம், டீச்சர்?"

இதைக் கேட்ட சூசைமாணிக்கத்துக்கு வயது ஐம்பத்தேழு. அவருடைய டீச்சர் மெய்யம்மைக்கு முப்பத்தாறு.

சூசை திருச்சியில் ஒரு பாய்லர் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் வெல்டிங்கைச் சோதித்துப் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மெய்யம்மையிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

மெய்யம்மைக்குப் பிறந்ததிலிருந்து பார்வை இல்லை. இணையத்தில் பாடம் நடத்தும் தளங்களைச் சோதிப்பது அவர் வேலை. கண் தெரியாதவர்களும் கை சரியாக வராதவர்களும் அந்தத் தளத்தில் தாங்களாகவே படித்துப் பரீட்சை எழுத முடியுமா என்று பார்ப்பார். முடியும் என்றால், சோதித்தவரின் கையெழுத்தோடு சான்று கொடுப்பார். முப்பத்தொரு படி ஏறினால் அவர் அலுவலகம். இரண்டு அறை, மூன்று கணினி.

"எத்தனை வந்திருக்கு?" என்று கேட்டார் மெய்யம்மை.

"அறுபத்திரண்டுக்கு அறுபது."

"மிச்சம் ரெண்டு?"

"ஒரு இடத்துல எழுத்து மங்கல். இன்னொன்னு அடிக்குறிப்பு. ரெண்டுமே சின்ன விஷயம்."

"பாய்லர்னா விட்டிருப்பீங்களா?"

"பாய்லர் வெடிக்கும் டீச்சர். இது வெடிக்காது."

மெய்யம்மை சற்று நேரம் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பூரணியை வரச் சொல்லுங்க," என்றார்.

*

பூரணி துறையூர்க்காரி. இருபத்திரண்டு வயதில் பார்வை போனது. இப்போது முப்பத்துநான்கு. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் காதால் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலைக்கு, சூசை அறுபது போட்ட அந்தத் தளத்தில் ஆறு மாதம் படித்திருந்தாள். கடைசிப் பரீட்சையும் அதே தளத்தில்தான். நாற்பது கேள்வி. இருபத்துநான்கு சரியாக இருந்தால் ஒரு மருத்துவமனையில் வேலை தயார்.

இரண்டு தடவைதான் எழுதலாம். ஒரு தடவை எழுதி, பத்தொன்பது மார்க் வாங்கியிருந்தாள். இரண்டாவது, இந்த மாதம் இருபத்தாறாம் தேதி. அதற்குப் பிறகு வாய்ப்பு இல்லை.

"சரியாப் படிக்கலன்னு எல்லாரும் சொன்னாங்க சார்," என்றாள் சூசையிடம். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. இந்தத் தடவை ரெண்டு மடங்கு படிச்சிருக்கேன்."

மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு மாதிரிப் பரீட்சை. பூரணி கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் இருப்பதை ஒரு குரல் வாசித்துச் சொல்லும். அவள் அதைக் கேட்டு விசைகளைத் தட்டுவாள். சூசை கடிகாரமும் தாளும் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் இருந்தார். மெய்யம்மை சுவரோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு டப்பா ஜெம் கிளிப்பை வைத்துக்கொண்டு, ஒன்றோடு ஒன்றைக் கோத்துக்கொண்டிருந்தார். வேறு வேலை இல்லை போலும் என்று சூசை நினைத்தார்.

பூரணி ஒரு மணி பத்து நிமிடத்தில் நாற்பது கேள்வியையும் முடித்தாள். முப்பத்துமூன்று சரி.

சூசைக்குச் சந்தோஷம். தாளில் எழுதினார். முடித்தது: ஆம். நேரம்: எழுபது நிமிடம். பிறர் உதவி: இல்லை.

எழுதியதை உரக்க வாசித்தும் காட்டினார். பூரணி விடைபெற்றுப் படியிறங்கினாள். அவள் கைத்தடிச் சத்தம் முப்பத்தொன்றும் முடியும்வரை மெய்யம்மை பேசவில்லை. பிறகு மடியிலிருந்த கிளிப் சங்கிலியை எடுத்து நீட்டினார்.

"எண்ணுங்கண்ணே."

சூசை எண்ணினார். எதையும் இரண்டு தடவை எண்ணுவது அவர் வழக்கம். இரண்டு தடவையும் முப்பத்தேழு வந்தது.

"என்ன டீச்சர் இது?"

"நீங்க."

"நானா?"

"நீங்க 'ம்' சொன்னது. 'ம்ஹூம்' சொன்னது. 'இன்னும் கொஞ்சம் கீழ'ன்னது நாலு தடவை. 'அப்படித்தான்'னு ஒரு தடவை. நாக்கைத் தட்டினது மூணு. மூச்சை இழுத்துப் பிடிச்சது பதினொன்னு."

சூசைக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் ஒரு விடையும் சொல்லலையே."

"சொல்லலை."

"பாடம் அந்தப் பொண்ணு படிச்சது. எழுதினதும் அதுதான். நான் உம் கொட்டினா என்ன? உங்களை மாதிரி ஒருத்தங்க தட்டுத்தடுமாறும்போது பக்கத்துல இருக்கிற மனுஷன் மரம் மாதிரி உட்கார முடியுமா?"

மெய்யம்மை கோபப்படவில்லை.

"உங்க பாய்லர்ல தண்ணி ஏத்திப் பார்ப்பீங்களே, அதைச் சொல்லுங்க. எத்தனையோ தடவை சொல்லியிருக்கீங்க. இன்னொரு தடவை கேக்கறேன்."

அந்தப் பேச்சை எடுத்தால் சூசையால் நிறுத்த முடியாது. "குழாய் பூராத் தண்ணி ரொப்புவோம். காத்து கொஞ்சம்கூட உள்ள இருக்கக் கூடாது. பம்பைப் போட்டு அழுத்தத்தை ஏத்துவோம். சாதாரணமா தாங்கவேண்டியதுல ஒன்றரை மடங்கு. ஏறினதும் வால்வை மூடிட்டு பம்பைக் கழட்டிடுவோம். முப்பது நிமிஷம். மீட்டர்ல முள்ளு அசையக் கூடாது. அசைஞ்சா எங்கயோ ஒழுகுது."

"பம்பை ஏன் கழட்டணும்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

"அது எப்படி? பம்ப் மாட்டியிருந்தா ஒழுக ஒழுக அது ஏத்திக்கிட்டே இருக்கும். முள்ளு அப்படியே நிக்கும். ஓட்டை இருக்கிறதே..."

சூசை நிறுத்திக்கொண்டார்.

கீழே தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சூசை தான் எழுதிய தாளை எடுத்தார். பிறர் உதவி என்ற இடத்தில் 'இல்லை' என்பதை அடித்துவிட்டு 37 என்று எழுதினார்.

"டீச்சர், பேசாம நீங்களே ஒரு தடவை செஞ்சு பாத்துடுங்களேன்."

"இந்தக் குரல் எனக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம். பக்கம் எவ்வளவு மோசமா இருந்தாலும் சந்து பொந்தெல்லாம் புகுந்து வந்துடுவேன். நான் பார்த்தா எல்லாத் தளமும் நல்ல தளம்தான். அதான் நான் பார்க்கறதில்ல."

"அப்போ?"

"புதன்கிழமை திரும்ப வரச் சொல்லுங்க. நீங்கதான் உட்காரணும்."

*

புதன்கிழமை சூசை எதையும் மறைக்கவில்லை. "இன்னைக்கு நான் வாய் திறக்க மாட்டேன்மா. நீங்க என்ன கேட்டாலும் பதில் வராது. பரீட்சை அன்னைக்கு எப்படி இருக்குமோ அப்படி."

"சரி சார்," என்று பூரணி சிரித்தாள். "உங்களால முடியுமா பாக்கலாம்."

சூசை கைக்குட்டையைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொண்டார். மெய்யம்மை மடியில் கிளிப் டப்பாவைத் திறந்து வைத்தார்.

முதல் இருபது கேள்வி மெதுவாகப் போயின. ஒன்பதாவது கேள்வியில் ஓர் அட்டவணை இருந்தது. குரல் அதை 'படம் நான்கு' என்று மட்டும் வாசித்தது. பூரணி நாலு தடவை திரும்பத் திரும்பக் கேட்டாள். நாலு தடவையும் படம் நான்கு. ஒரு விடையைக் குத்துமதிப்பாகத் தட்டிவிட்டுப் போனாள். பதினான்காவதில் விடையைத் தேர்ந்ததும் குரல் பக்கத்தின் உச்சிக்கே தாவிப் போய் தளத்தின் பெயரிலிருந்து வாசிக்கத் தொடங்கியது. அவள் மறுபடி முழுப் பக்கமும் இறங்கி வந்தாள். இரண்டரை நிமிடம் போனது. சூசை குறித்துக்கொண்டார்.

ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் அம்புக்குறி. அது அடுத்த கேள்விக்கு. இன்னொன்றில் 'டிக்' குறி. அது பரீட்சையை முடிக்க. கண் உள்ளவர்களுக்குப் பார்த்தாலே தெரியும். குரல் இரண்டையும் 'பட்டன்' என்றே வாசித்தது. சூசை மார்க் போட்ட அறுபத்திரண்டு வரிப் பட்டியலில் பதினெட்டாவது வரி, பொத்தானுக்குப் பெயர் இருக்கிறதா என்பது. பட்டன் என்று ஒரு பெயர் இருக்கத்தானே செய்கிறது என்று சூசை அதற்கு முழு மார்க் போட்டிருந்தார்.

முதலில் வருவது அடுத்த கேள்வி, இரண்டாவது முடிப்பது என்று பூரணி மனதில் வைத்திருந்தாள்.

இருபத்தொன்றாவது கேள்வியோடு இரண்டாம் பகுதி தொடங்கியது. அந்தப் பகுதியைச் செய்தவர் வேறு ஆள் போலிருக்கிறது. பொத்தான்களை இடம் மாற்றி வைத்திருந்தார். முதலில் முடிப்பது. பிறகு அடுத்தது.

பூரணி விடையைத் தேர்ந்தாள். கீழே இறங்கினாள். குரல், பட்டன் என்றது. அவள் விரல் விசையின் மேல் போய் நின்றது.

திங்கட்கிழமை இதே இடத்தில் தான் 'ம்ஹூம்' என்றது சூசைக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பூரணி தட்டினாள்.

திரையில் ஒரு பூங்கொத்தும் 'நன்றி' என்ற எழுத்தும் வந்தன. இரண்டும் படம். குரல் ஒன்றும் சொல்லவில்லை.

பூரணி காத்திருந்தாள். கீழ் அம்பை அழுத்தினாள். மேல் அம்பை அழுத்தினாள். அடுத்த கேள்வி வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து மறுபடி காத்திருந்தாள். கடிகாரத்தில் ஒரு நிமிடம் ஓடியது. இரண்டு ஓடியது.

"சார், இருக்கீங்களா?"

சூசை கைக்குட்டையைக் கடித்தார்.

பூரணி முழுப் பக்கத்தையும் வாசிக்கச் சொல்லும் விசையை அழுத்தினாள். குரல் தளத்தின் பெயரை மட்டும் சொல்லி நின்றது.

"சார்?"

அவள் கழுத்தைத் திருப்பினாள். கை மெதுவாக மேசையின் மேல் நகர்ந்து, பக்கத்து நாற்காலி இருக்கும் பக்கம் வந்து, காற்றில் நின்றது. சூசையின் முழங்கைக்கும் அந்த விரல்களுக்கும் நடுவே நாலு அங்குலம் இருக்கும்.

"இருக்கீங்கதானே?" என்றாள். அவள் குரல் தழைந்திருந்தது.

சூசை மூச்சுகூட விடவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அதையும் துடைக்கவில்லை. துடைத்தால் சட்டை உரசும்.

ஆறு நிமிடம் ஆனதும் மெய்யம்மை எழுந்தார்.

"போதும்ணே. இனி பேசலாம்."

சூசை கைக்குட்டையை எடுத்துவிட்டுத் திரையில் நடந்ததைச் சொன்னார். பட்டன் இடம் மாறியதையும் பரீட்சை மூடிக்கொண்டதையும் கேட்டுப் பூரணி அசையாமல் இருந்தாள்.

"போன தடவையும் இப்படித்தான் நின்னுச்சு," என்றாள் கடைசியில். "நெட் போயிருச்சுன்னு நினைச்சு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மேற்பார்வைக்காரம்மா வந்து, முடிஞ்சிருச்சும்மா எந்திரின்னாங்க. டைம் முடிஞ்சதுன்னு நினைச்சேன்."

சூசை தலையை நிமிர்த்தினார். "போன தடவை எத்தனை மார்க்குன்னீங்க?"

"பத்தொன்பது. நாப்பதுக்கு."

"நாப்பதுக்கு இல்லம்மா," என்றார் சூசை. "இருபத்தொன்னுக்குப் பத்தொன்பது."

பூரணி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வருடமாகத் தான் மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவள். அழுவாள் என்று சூசை எதிர்பார்த்தார். அவள் அழவில்லை.

"அப்போ திங்கட்கிழமை மட்டும் எப்படி சார் முடிச்சேன்?"

சூசை பழைய சங்கிலியை எடுத்து அவள் கையில் கொடுத்து, அது என்ன என்று சொன்னார். அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள். முடிக்கும்போது உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"நீங்க நல்லவரு சார். சரியான இடத்துக்கு வந்தா மூச்சு விடுவீங்க. தப்பான இடத்துக்குப் போனா நாற்காலி கிரீச்சுங்கும். நான் பாட்டுக்கு அதைக் கேட்டுக்கிட்டே போயிட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின பரீட்சை அது."

"நாற்காலியை நான் சேர்க்கலையே," என்றார் மெய்யம்மை.

"அதையும் சேருங்க டீச்சர். அம்பது தாண்டும்."

அன்றைக்கு மெய்யம்மையின் கிளிப்புகள் டப்பாவிலேயே கிடந்தன. சங்கிலியில் ஒன்றுகூட இல்லை.

*

வெள்ளிக்கிழமை தளத்தின் மேலாளர் போன் செய்தார். அன்றைக்குத்தான் கையெழுத்துக்குக் கெடு.

"சார், போன வாரம் அறுபதுன்னீங்க. இப்ப முடியாதுங்கறீங்க. நடுவுல நாங்க ஒரு எழுத்தைக்கூட மாத்தலையே."

"நீங்க மாத்தலை," என்றார் சூசை. "அறுபது போட்டது என் தப்பு. பேரு இருக்கான்னு பார்த்தேன். அது என்ன பேருன்னு பார்க்கலை."

"ஒரு பொண்ணு தப்பா அமுக்கினதுக்கு மொத்தத் தளமும் சரியில்லைன்னா எப்படி? ஓட்டிப் பார்த்தப்ப முடிச்சாங்கல்ல?"

"முடிச்சாங்க. நான் பக்கத்துல இருந்தேன். உங்ககிட்ட படிக்கிறவங்க எத்தனை பேரு?"

"நாலாயிரம்."

"பரீட்சை அன்னைக்கு நாலாயிரம் பேருக்குப் பக்கத்துலயும் என்னை உட்கார வைக்க முடியும்னா சொல்லுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

மறுமுனையில் மேலாளர் பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது.

"என்னென்ன செய்யணும்?"

சூசை இந்தத் தடவை மார்க் எதுவும் எழுதி அனுப்பவில்லை. ஐந்து இடங்களை எழுதினார். எந்தக் கேள்வி, குரல் என்ன சொன்னது, அவள் என்ன நினைத்தாள், எத்தனை நிமிடம் போனது. பொத்தானுக்கு 'அடுத்த கேள்வி' என்றும் 'பரீட்சையை முடி' என்றும் பெயர் வேண்டும். இரண்டு பகுதியிலும் ஒரே வரிசை வேண்டும். முடிக்கும் முன் ஒரு தடவை கேட்க வேண்டும், முடிந்தால் வாயால் சொல்ல வேண்டும். விடையைத் தேர்ந்த இடத்திலேயே குரல் நிற்க வேண்டும். அட்டவணை படமாக இல்லாமல் எழுத்தாக வர வேண்டும்.

ஒன்பது நாளில் செய்தார்கள்.

"பூரணியைக் கூப்பிடட்டுமா டீச்சர்?"

"வேண்டாம். அவளுக்கு இப்ப வழி தெரியும். தெரியாதவங்களைக் கூப்பிடுங்க."

அந்தத் தளத்தையே பார்த்திராத இருவர் வந்தார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது. ஒருவருக்குக் கை நடுக்கம், மவுஸைப் பிடிக்க வராது, விசைப்பலகை மட்டும்தான். கண் தெரியாதவர் நாற்பதையும் முடித்தார். கை நடுக்கக்காரருக்கு முப்பத்தாறாவது கேள்வியில் ஒன்றை இழுத்து இன்னொன்றில் பொருத்த வேண்டியிருந்தது. அவரால் இழுக்க முடியவில்லை. பதினொரு நிமிடம் முயன்றார். சூசை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்வியையும் மாற்றினார்கள். அவர் மறுபடி வந்து முடித்துவிட்டுப் போன பிறகு, இருபத்துநான்காம் தேதி மாலை, சூசை கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்தார்.

*

இருபத்தாறாம் தேதி யாரும் சொல்லாமல் சூசை பரீட்சை மையத்துக்குப் போனார்.

நீண்ட நடைபாதை. இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கண்ணாடி அறைகள். பூரணி ஏழாவது அறைக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஒரு மேசை, ஒரு கணினி, ஒரே ஒரு நாற்காலி.

நடைபாதையில் நின்ற காவலாளி கேட்டார். "உங்க பொண்ணாய்யா?"

"இல்ல."

"சொந்தமா?"

"இல்ல. சும்மா நிக்கறேன்."

"சும்மா நிக்கறதுக்கு உட்கார்ந்தே நிக்கலாமே," என்று காவலாளி ஒரு ஸ்டூலை நகர்த்தினார். சூசை உட்காரவில்லை.

ஒரு மணி இருபத்தாறு நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. பூரணி கைத்தடியை விரித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"முடிஞ்சுதாம்மா?" என்று காவலாளி கேட்டார்.

"முடிச்சுட்டேங்க," என்றாள் பூரணி. "நாப்பதும் எழுதிட்டீங்க, முடிக்கலாமான்னு அதுவே கேட்டுச்சு. முடின்னேன்."

கைத்தடி தட்டிக்கொண்டே சூசையின் பக்கம் வந்தது. அவள் மூன்றடி தூரத்தில் கடந்து போனாள். அவள் திரும்பி வெளிவாசல் இறங்கும்வரை சூசை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

மாலையில் அலுவலகத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னார். மெய்யம்மை கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரிசல்ட் பத்து நாள் ஆகும் டீச்சர்."

"வரட்டும். அது அவ பாடு."

சூசை எழுந்து போகவில்லை. மேசை மேல் இருந்த கிளிப் சங்கிலியை எடுத்து, ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"அன்னைக்கு அந்தப் பொண்ணு மூணு தடவை கூப்பிட்டுச்சு. கையை நீட்டுச்சு. நான் பக்கத்துலயே இருந்துக்கிட்டு இல்லாத மாதிரி இருந்தேன்."

"ஆமா."

"இன்னைக்கு உள்ள இருந்து ஒரு தடவைகூட யாரையும் கூப்பிடலை. கதவுக்கு வெளியவே காதை வச்சுக்கிட்டு இருந்தேன். செஞ்சது சரிதான்னு புத்திக்குத் தெரியுது. ஆனா அந்தக் கை இன்னும் அங்கயே நிக்குது டீச்சர். உறுத்துது. இது எப்பப் போகும்?"

மெய்யம்மை கையை நீட்டி, சூசையின் கையில் மிச்சமிருந்த சங்கிலியை வாங்கி டப்பாவில் போட்டு மூடினார்.

"உறுத்தட்டும்ணே. உறுத்தாத ஆளை நான் அந்த நாற்காலில உட்கார வைக்க மாட்டேன்."